முலாம்பழம் விளைந்த மேட்டில் வீடு மாறும் நாள்

மொன்றியல் போகிறவர்கள் எல்லோரும் பழைய துறைமுகத்தையும் மலைமேல் இருக்கும் பெரிய கோவிலையும் பார்த்துவிட்டு வந்து படம் போடுகிறார்கள். நான் பார்த்தது நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற ஒரு குடியிருப்புப் பேட்டையை. அங்கே ஆட்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள், உடுப்புக் காயப்போடுகிறார்கள், பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகிறார்கள். சுற்றுலாக் கையேட்டில் அரைப்பக்கம் தேறினால் பெரிய விஷயம். உள்ளூர்வாசிகள் பெயரைச் சுருக்கி என்.டி.ஜி. என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஊர் பார்க்கும் எண்ணத்தோடு நான் போகவில்லை. என் தங்கச்சி ரெஜினாவை ரொறன்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். அவளுக்கு எட்டாம் மாதம், முதல் பிள்ளை. எங்கள் குடும்பம் முழுக்க ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஆளுக்காள் கூப்பிடு தூரத்தில் இருக்க, இவள் மட்டும் அன்ரனைக் கல்யாணம் செய்து மொன்றியலுக்குப் போய்விட்டாள். பிள்ளைப்பேறு ரொறன்ரோவில்தான் நடக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். "நீங்கள் அங்கே போய் நிற்கலாமே" என்று கேட்டதற்கு, "பிள்ளைதான் தாயிட்ட வரோணும், தாய் ஏன் போகோணும்?" என்றார். அம்மாவோடு வாதாடி வென்றவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. ஆகவே 2006 ஜூன் முப்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை காலை, நான் என் வான் வண்டியில் ஏறினேன்.

ஸ்காபரோவில் இருந்து 401 நெடுஞ்சாலை, கியூபெக் எல்லை தாண்டியதும் அதுவே 20 ஆகிவிடும். ஏறத்தாழ 530 கிலோமீற்றர். கிங்ஸ்ரனில் ஒரு கோப்பிக்கு நின்றால் ஆறு மணித்தியாலம். மொன்றியல் ஒரு தீவு, அதற்குள் நுழையும் இடம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ, அங்கிருந்தே வாகன நெரிசல் தொடங்கும். நான் போன அன்று வழி முழுக்க லொறிகள், கூரையில் மெத்தை கட்டிய கார்கள், ஒரு காரின் ஜன்னலால் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு நிலவிளக்கு. என்ன இது, ஊரே இடம்பெயர்கிறதா என்று யோசித்தேன். உண்மையில் அப்படித்தான்.

கியூபெக்கில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் முப்பதாம் திகதி முடியும், ஜூலை முதலாம் திகதி தொடங்கும். முன்பு இது மே மாதத்தில் இருந்ததாம். பிள்ளைகளின் படிப்பு இடையில் குழம்பக் கூடாது என்று எழுபதுகளில் கோடை விடுமுறைக்குத் தள்ளிவிட்டார்கள். நாட்டின் மற்றப் பகுதிகள் கொடி ஏற்றிக் கனடா தினம் கொண்டாட, மொன்றியல்காரர்கள் குளிர்சாதனப் பெட்டியை முதுகில் சுமந்து படி இறங்குகிறார்கள். ஒரே நாளில் எல்லோரும் வீடு மாறினால் யார் முதலில் வெளியேறுவது என்று நான் அன்றிரவே அன்ரனிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒருமாதிரி நடந்திடும் மச்சான்" என்றான். அன்ரன் டோர்வலில் விமானப் பொதி ஏற்றி இறக்கும் வேலை செய்கிறவன். ஆயிரம் பொதிகள் ஒருமாதிரி போய்ச் சேர்வதைத் தினமும் பார்க்கிறவனுக்கு எதற்கும் பதற்றம் வராது.

அவர்களுடைய பழைய வீடு பக்கத்துப் பேட்டையான கோட்-டே-நேய்ஜில் மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. பிள்ளை வரப்போகிறது என்று என்.டி.ஜி.யில் முன்னறையும் பின்பால்கனியும் உள்ள ஒரு வீட்டை எடுத்திருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். மாறுவது என்று முடிவெடுத்தவர்கள் ஒரேயடியாக ரொறன்ரோவுக்கு மாறியிருக்கலாம் அல்லவா? தங்கச்சியிடம் சொன்னேன். "தொடங்கியாச்சோ" என்று சிரித்துவிட்டு எனக்கு இடியப்பம் வைத்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏற்றத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்தோம். வாடகை லொறியை மாலை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எட்டு மணிக்கு அன்ரனுக்கு வேலை. எல்லாம் ஏற்றிய பிறகும் வீட்டுக்குள் இரண்டு பேர் மிச்சம். ஒருவர் அன்ரனின் தாய், மன்னாரில் இருந்து வந்தவர், நான் மாமி என்று கூப்பிடுவேன். மற்றவர் மன்னாரின் மடுக் கோவில் மாதா. ஒரு முழ உயரச் சுரூபம், நீலச் சால்வையில் ஓரிடத்தில் வண்ணம் உதிர்ந்திருக்கும்.

"அம்மாவும் மாதாவும் கடைசியாத்தான் வருவினம்," என்றான் அன்ரன். "புது வீடு திறந்தாப் பிறகு நான் வந்து கூட்டிக்கொண்டு போறன். அது வரைக்கும் அவ அசையமாட்டா."

"இந்த வீட்டுக்கு வாற ஆக்கள்?"

"பின்னேரம்தானே வருவினம்."

பின்னேரம் என்று யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

என்.டி.ஜி. வீடு மொங்க்லண்ட் தெருவுக்கும் ஷேர்புரூக் தெருவுக்கும் நடுவில் ஓர் அமைதியான ஒழுங்கையில் இருந்தது. இரு பக்கமும் சிவப்புச் செங்கல் வீடுகள், ஒவ்வொன்றும் மேலே ஒரு குடும்பம் கீழே ஒரு குடும்பம். மேல்வீட்டுக்கு வெளியே இருந்தே படி. மேப்பிள் மரங்கள் தெருவின் மேல் கைகோர்த்து நின்றன. அழகான தெருதான், அன்று காலை அதை ஒப்புக்கொள்ளும் மனநிலையில் நான் இல்லை. எங்கள் லொறிக்கு முன்னால் இன்னொரு லொறி வெறுமையாக நின்றது. படியில் மூன்று பேர் பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தாடி வைத்தவர் எழுந்து வந்து "பொன்ஜூர்" என்றார். அவர்தான் லுயி, மேல்வீட்டில் இருந்து வெளியேற வேண்டியவர். பாடசாலையில் இசை சொல்லிக்கொடுக்கிறவர், இந்தப் பேட்டையிலேயே பிறந்தவர்.

பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னது இதுதான். அவர் போகவேண்டிய வீடு ரயில் பாதைக்குக் கீழே சென்-ரேமோன் பகுதியில் இருக்கிறது. அங்கே இருப்பவர் இன்னும் வெளியேறவில்லை. தொலைபேசி எடுத்தால் "கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார். ஆகவே இவர் வெளியேற முடியாது. ஆகவே நாங்கள் உள்ளே போக முடியாது. தோளைக் குலுக்கி, இது எல்லா வருடமும் நடப்பதுதான் என்றார். எனக்கு ஏறிக்கொண்டு வந்தது.

லொறியின் பின்னால் கடைசியாக ஏற்றியது சோபா. அதை இறக்கி மேப்பிள் மரத்தின் கீழ் நடைபாதையில் போட்டு ரெஜினாவை இருத்தினோம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பதினொன்று ஆகியது, பன்னிரண்டு ஆகியது. கடந்துபோன ஒவ்வொருவரும் அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்து ஏதோ நல்ல வார்த்தை சொன்னார்கள். ஒரு கிழவர் தன் வீட்டில் இருந்து ஒரு தலையணை கொண்டுவந்து முதுகுக்கு வைத்தார். நான் அவள் பக்கத்தில் போய் இருந்தேன்.

"இஞ்ச பார் பிள்ளை," என்றேன். "என்ர வான் அங்க நிக்குது. ஏறு. ராச்சாப்பாட்டுக்கு அம்மாட்ட நிப்பம். அன்ரன் சாமானைக் கொண்டுபோய் எங்கையாவது போடட்டும்."

ரெஜினா தலையணையைச் சரிசெய்து சாய்ந்தாள். பிறகு சொன்னாள்: "சரி அண்ணை. லொறி விடுகிற நேரத்துக்குள்ள வீடு திறக்காட்டி நான் உங்களோட வாறன். பிள்ளை பிறக்குமட்டும் அங்கயே நிக்கிறன். ஆனா திறந்தால் பேந்து இந்தக் கதை கதைக்கக்கூடாது. நீங்களும் அம்மாவும்."

இந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மாலை ஆறு மணி வரை அந்தக் கதவு மூடியிருந்தால் போதும். சும்மா மரத்தின் கீழ் இருந்தாலே வேலை முடிந்துவிடும். ஆனால் சும்மா இருப்பது என் சுபாவத்தில் இல்லை. லுயி கீழே போய் அந்த ஆளை நேரில் பார்க்கப்போகிறேன் என்றதும், பொழுது போகட்டும் என்று நானும் கூட நடந்தேன். இந்தப் பேட்டையை நான் பார்த்தது இப்படித்தான்.

வாசகர்கள் நடக்க விரும்பினால் இதே வழியில் நடக்கலாம். மெற்றோ என்ற நிலத்தடி ரயிலில் வந்து வில்லா-மரியா நிலையத்தில் இறங்கினால் மொங்க்லண்ட் தெரு. மெற்றோவுக்குப் பக்கத்தில் மரங்களுக்குள் மறைந்திருக்கும் பெரிய வீட்டில் ஒருகாலத்தில் நாட்டின் ஆளுநர் நாயகம் இருந்தாராம். பிறகு கன்னியாஸ்திரிகள் வாங்கிப் பாடசாலை ஆக்கினார்கள். மொங்க்லண்டில் இப்போது கோப்பிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து தெற்கே நடந்து ஷேர்புரூக் தெருவைக் கடந்தால், தரை மெல்ல மெல்ல இறங்கும். கால் தானாகவே வேகமாகும்.

"இங்கே எல்லாம் பழத்தோட்டமும் முலாம்பழத் தோட்டமும்," என்று கையை வீசிக் காட்டினார் லுயி. வடக்குக் காற்றை மலை மறைக்க, தெற்கு வெயில் நேரே விழுகிற சரிவு. பிரெஞ்சுக் குடியானவர்கள் குதிரைச் சாணம் போட்டு, இளங்கொடிக்குக் கண்ணாடி மூடிப் பச்சைச் சதையுள்ள பெரிய முலாம்பழம் விளைவித்தார்கள். அது நியூயோர்க், பொஸ்ரன் ஹோட்டல்களுக்குப் போனது, அங்கே துண்டு கணக்கில் விற்றார்கள். பிறகு 1910இல் மொன்றியல் நகரம் இந்தப் பேட்டையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ட்ராம் வண்டி வந்தது. தோட்டங்களைத் துண்டு போட்டு இந்தச் செங்கல் வீடுகளைக் கட்டினார்கள். பழத்தோட்டத்துக்கு மிச்சம் இருப்பது ஒரு தெருவின் பெயர்: ஓல்ட் ஓச்சர்ட். முலாம்பழம் அடியோடு இல்லாமல் போய்விட்டது என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நினைத்திருந்தார்களாம். தொண்ணூறுகளில் எங்கோ அமெரிக்க விதைச் சேமிப்பகம் ஒன்றில் விதை கிடைத்தது. லுயி தன் பின்பால்கனியில் நான்கு தொட்டிகளில் அதை வளர்க்கிறார். காலையில் வீட்டின் பின்பக்கம் போய் மேலே எட்டிப் பார்த்தபோது நான் கண்ட கொடி அதுதான், பாகற்கொடி என்று நினைத்திருந்தேன்.

இந்த ஆளோடு கோபமாக இருப்பது கடினமாகிக்கொண்டு வந்தது.

ஷேர்புரூக்குக்குக் கீழே இன்னும் இரண்டு மூன்று தெரு நடந்தால் ரயில் பாதை. பேட்டையின் உண்மையான எல்லை இதுதான் என்றார் லுயி. மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைப் பற்றி வாயால் எதுவும் சொல்லமாட்டார்கள், வாடகை சொல்லிவிடும். மெல்ரோஸ் தெரு முடிகிற இடத்தில் பாதையின் கீழாக ஒரு நடைச்சுரங்கம் இருக்கிறது. ஈரமும் சுவர்க்கிறுக்கலுமாக, கோடையிலும் குளிர்கிற இடம். மறுபுறம் வெளிச்சத்துக்கு வந்தால் சென்-ரேமோன். வீடுகள் சிறுத்தன, தோட்டங்கள் பெருத்தன. முன்முற்றத்தில் புல்லுக்குப் பதில் தக்காளி, கம்பி வேலியில் திராட்சைக் கொடி. அது உலகக் கிண்ணக் காலம். முதல்நாள் ஜேர்மனியில் இத்தாலி வென்றிருந்ததால் வீட்டுக்கு வீடு மூவர்ணக் கொடி. ஒரு கோப்பிக்கடை வாசலில் நின்ற முதியவர்கள் எங்கள் இருவருக்கும் கை குலுக்கினார்கள். இத்தாலி வென்றதில் எனக்கு என்ன பங்கு என்று தெரியவில்லை, நானும் குலுக்கினேன்.

கடைசித் தெருவான சென்-ஜாக்குக்குப் போனால் பேட்டை சட்டென்று முடிந்துவிடும். தெருவின் மறுபக்கம் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் செங்குத்தான சரிவு. எட்டிப் பார்த்தேன். கீழே வெறுமையான ரயில் முற்றம், அதற்கப்பால் நெடுஞ்சாலை. நான் முதல்நாள் வந்த அதே 20. ஒருகாலத்தில் கீழே இருந்தது ஆழமில்லாத ஓர் ஏரி. நீர்நாய்கள் திரிந்ததால் அதன் பெயரையே வைத்திருந்தார்கள். கால்வாய் வெட்டியபின் ஏரி வற்றியது, ரயில் வந்தது, இப்போது ரயிலும் போய்விட்டது. "எங்கள் பேட்டையில் எல்லாமே யாரோ வெளியேறின இடத்தில் யாரோ வந்திருந்ததுதான்," என்று லுயி சொன்னார். நானும் சரிவைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

அந்தச் சரிவைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தில்தான் லுயி போகவேண்டிய வீடு, அதன் வாசலில் ஒரு பெடியன் சூட்கேஸ் மேல் இருந்தான். பக்கத்தில் ஒரு மேசை, ஒரு மெத்தை, ஏழெட்டுப் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு பிரஷர் குக்கர். அதைக் கண்டதும் நான் நேரே தமிழில் கேட்டேன்.

"தம்பி எந்த இடம்?"

"திருச்சிண்ணா," என்று எழுந்தான். வினோத், பொறியியலில் மேற்படிப்பு. தமிழைக் கேட்டதும் காலை முழுக்க அடக்கிவைத்ததை எல்லாம் கொட்டிவிட்டான். "நான் என்ன பண்ணட்டும்ணா? பாதி சாமான் இங்க, பாதி சாமான் உள்ள. வேனை ரெண்டு மணி நேரத்துக்குத்தான் எடுத்தேன், அவன் பாட்டுக்குப் போய்ட்டான். நான் போக வேண்டிய வீட்டுல ஒரு அம்மா வெளிய வரமாட்டேங்கறாங்க. என் ரூம்மேட் போய்த் தட்டினான், அவன் பஞ்சாபி. உள்ள யாரோ ஜெபம் பண்ற சத்தம் கேக்குதாம். கதவையே திறக்கலையாம். பன்னெண்டு மணிக்குக் காலியா இருக்கும்னு வீட்டுக்காரர் சொன்னாருண்ணா."

நான் அவசரமாகக் கேட்டேன்: "எங்க அந்த வீடு?"

"கோட்-டே-நேய்ஜ்ல. மூணாவது மாடி. லிப்ட் இல்ல."

தெருப் பெயரைக் கேட்டேன். சொன்னான். நான் போய் அவனுடைய மெத்தையில் உட்கார்ந்துவிட்டேன்.

லுயிக்கு விளங்கப்படுத்த ஒரு விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினேன். என் தங்கச்சி உங்களுக்காகக் காத்திருக்கிறாள். நீங்கள் இந்தத் தம்பிக்காகக் காத்திருக்கிறீர்கள். இவன் என் தங்கச்சியின் மாமிக்காகக் காத்திருக்கிறான். மாமி என் தங்கச்சியின் கதவு திறக்கக் காத்திருக்கிறார். லுயி வானத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. மாமியை யாராலும் அசைக்க முடியாது. நான் போய் ஒப்புக்கு ஒரு சொல் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தாலும், கதவு ஆறு மணி வரை மூடித்தான் இருக்கும்.

லுயி மேலே திரும்பினார். வினோத்தும் நானும் வாந்தோம் என்ற மெற்றோ நிலையத்துக்கு நடந்து போனோம். தனிப்பயணம் இரண்டு டொலர் ஐம்பது சதம், ஸ்னோடனில் மாறி ஒரு தரிப்பு. மூன்று மாடியும் ஏறிக் கதவைத் தட்டி "மாமி, நான்தான்" என்றேன். திறந்தார்.

வெறும் வீடு. நடுவில் பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, வெள்ளைத் துணி விரித்து, மேலே மாதா. எதிரே ஒரு பிளாஸ்ரிக் கதிரை. குசினியில் ஒரு கேத்திலும் தேநீர் போடும் சிறிய சட்டியும் மட்டும்.

"வீடு திறந்திட்டுதோ?" என்றார் மாமி.

"நீங்கள் வெளிய வந்தாத்தான் மாமி அந்த வீடு திறக்கும்."

"அந்த வீடு திறந்தாத்தான் நான் வெளிய வருவன்."

நான் மறுபடி விரலால் வட்டம் போட்டேன். மாமி பொறுமையாகக் கேட்டார். எல்லாம் விளங்கியது, ஆனால் அசையவில்லை. "தம்பி, தொண்ணூறில சண்டைக்குள்ள ஒருக்கா நாங்கள் அவசரத்தில வெளிக்கிட்டம். மாதாவை வீட்டுக்குள்ள விட்டிட்டு ரோட்டுக்கு வந்திட்டம். அன்ரன்ர அப்பா திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தவர். அவர் வருமட்டும் நான் ரோட்டில நிண்ட நேரத்தை எனக்கு மறக்கேலாது. அதுக்குப் பிறகு நான் ஒரு வீடு திறக்காமல் மற்ற வீட்டை விட்டதில்லை. மாதாவை ரோட்டில வைச்சதுமில்லை."

 வினோத் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மாதாவைக் கும்பிட்டான். பிறகு நாலு பக்கமும் பார்த்தான்.

"அம்மா பாட்டுக்கு இருக்கட்டுமே அண்ணா. மாதாவும் இருக்கட்டும். வீடு இவ்வளவு பெரிசா இருக்கு, எனக்கு இருக்கறதே பதினஞ்சு பொட்டி. நான் அந்த ரூம்ல வெச்சுக்கறேன். என் வீட்டுல விருந்தாளி இருந்தா என்ன?"

அவ்வளவுதான். ஒரு வீட்டை ஒருவர் விட்ட பிறகுதான் மற்றவர் நுழையலாம் என்று காலையில் இருந்து எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, இவனுக்கு அப்படி ஒரு நினைப்பே வரவில்லை. மாமி அவன் பக்கம் திரும்பினார். "நீர் சைவ சமயமோ?" என்று கேட்டார். "ஆமாம்மா." "அப்ப பால் காய்ச்சாமல் எப்பிடி வாறது? கீழ டெபனோரில ஒரு பால் வாங்கிக்கொண்டு ஓடி வாரும்."

அவன் சந்திக் கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்த பாலை மாமி தன் சட்டியில் வைத்தார். பொங்கியபோது வினோத் கைகூப்பினான், மாமி சிலுவை போட்டார். ஆளுக்கு அரைக் கோப்பை குடித்தோம். அப்போதுதான் வினோத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஒரே பிரச்சினைண்ணா. வேன் இல்ல. இன்னிக்கு ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது."

நேரம் மூன்றரை. என் வான் சாவி என் காற்சட்டைப் பைக்குள். கை போட்டு அதைப் பிடித்துக்கொண்டு யன்னலோரம் நின்றேன். நான் வாய் திறக்காவிட்டால் இரவு தங்கச்சி அம்மாவோடு இருப்பாள். அம்மாவின் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நடைபாதையில் தலையணை கொண்டுவந்து வைத்த அந்தக் கிழவரையும் தெரியும் இப்போது. தொட்டியில் முலாம்பழம் வளர்க்கிற லுயியையும் தெரியும். இவள் தனியாக ஒரு ஊரில் கிடக்கிறாள் என்றுதான் நாங்கள் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தோம். அது அவ்வளவு சரியில்லை என்று எனக்குப் பட்டது, அதுதான் எனக்கு வருத்தமாகவும் இருந்தது.

"என்ர வான் நிக்குது, வாரும்," என்றேன்.

வில்லா-மரியாவில் இறங்கி வானை எடுக்கப் போனபோது ரெஜினா அதே சோபாவில், அதே தலையணையோடு இருந்தாள். வினோத்தையும் என் கையில் இருந்த சாவியையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க போறீங்கள்?" என்றாள். "உனக்கு வீடு திறக்க," என்றேன். அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது, நான் பிறகு நிற்கவில்லை.

சென்-ரேமோனில் சாமானை ஏற்றி டெக்காரி வழியாக மேலே போனோம். அறுபதுகளில் உலகக் கண்காட்சிக்கு முன் இந்தப் பேட்டையைப் பிளந்து வெட்டிய பள்ளத்தில் ஓடும் நெடுஞ்சாலை அது. இரண்டு பக்கமும் கொங்கிறீற்றுச் சுவர், மேலே வீடுகளின் கூரை மட்டும் தெரியும். சனிக்கிழமைப் பின்னேரம் என்பதால் நெரிசல் குறைவு என்று நினைக்காதீர்கள். பிரான்ஸ் பிரேசிலை வென்ற நேரம், ஆளாளுக்கு ஹோன் அடித்துக்கொண்டு கொடியோடு போனார்கள். பதினைந்து பெட்டியும் மூன்று மாடி ஏறியது. வினோத் வெளியேறினதும் லுயி ஒரே ஓட்டமாகக் கீழே போனார், அவருடைய நண்பர்கள் பியர் உசாரில் பறந்து பறந்து ஏற்றினார்கள். அன்ரன் எங்கள் லொறியை வெறுமையாக்கி நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டான்.

நான் மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மாதா அவர் மடியில், இருக்கைப் பட்டி போட்டுக்கொண்டு. என்.டி.ஜி. தெருவில் இறங்கியதும் மாமி முதலில் பார்த்தது மேப்பிள் மரத்தின் கீழ் இருந்த சோபாவை. ரெஜினா கையூன்றி எழும்பிக்கொண்டிருந்தாள். கால் காலையைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது.

"இவ்வளவு நேரமும் ரோட்டிலயோ பிள்ளை இருந்தனி?" என்றார் மாமி.

"ஓம் மாமி."

மாமி குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். ரெஜினாவின் பின்னால் மெதுவாகப் படி ஏறினார். மேலே கதவு திறந்திருந்தது. ரெஜினா வழக்கம் தெரிந்தவள், விலகி நின்று மாதாவுக்கு வழி விட்டாள். மாமி வாசற்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டார். சுரூபத்தைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நீ முதல்ல போ பிள்ளை," என்றார். "மாதா பின்னால வருவா. அவவும் பிள்ளையைச் சுமந்துகொண்டு இடம் தேடித் திரிஞ்சவதானே, கோவிக்கமாட்டா."

ரெஜினா உள்ளே போனாள். நான் வானில் எதையோ மறந்துவிட்டவன்போலக் கீழே இறங்கிப் போனேன்.

இனிப் போகிறவர்களுக்கு. என்.டி.ஜி.யை நடந்து பார்க்க அரைநாள் போதும். வில்லா-மரியாவில் தொடங்கித் தெற்கே இறங்கிச் சென்-ஜாக் சரிவில் முடித்து வாந்தோமில் மெற்றோ எடுங்கள். நல்ல சப்பாத்து வேண்டும். சென்-ரேமோனில் கோப்பி குடியுங்கள், இத்தாலியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள். பழைய நோத்ர-டாம்-த-கிரேஸ் தேவாலயத்தையும் தவறவிடாதீர்கள், பேட்டைக்குப் பெயர் வந்தது அதனால்தான். தங்குமிடம் பேட்டைக்குள் குறைவு, நகர மையத்தில் எடுத்துக்கொண்டு மெற்றோவில் வருவது நல்லது. ஜூலை முதலாம் திகதி போகவேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். போகத்தான் வேண்டும் என்றால் வெறும் வானோடு போங்கள். யாருக்காவது உதவும்.

லுயி ஒரு முலாம்பழத் தொட்டியை ரெஜினாவுக்கென்று பின்பால்கனியில் விட்டுப்போயிருந்தார். அதன் பக்கத்தில் நின்றுதான் அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்த எதுவும் வாயில் வரவில்லை. அம்மாவே கேட்டார்.

"வீடு திறந்திட்டுதோ?"

"ஓம் அம்மா."

 பிறகு, "எத்தினை படி?" என்று கேட்டார்.

"பதினேழு. பிடிச்சு ஏறக் கம்பி இருக்கு."

"சரி," என்றார் அம்மா. "நீ திரும்பி வந்தோடன என்ர சூட்கேசை மேல இருந்து இறக்கித் தா."